கண்டியில் ஒரே நாள்: டிரைவர் அனுப்பிய பட்டியலில் எதை வெட்டுவது?

தெப்பக்குளத்துக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி கடைசியில் குடும்பத்தோடு இலங்கை போகிறோம். மதுரையிலிருந்து கொழும்புக்கு நேர் விமானம். மூன்று நாள்தான் விடுப்பு கிடைத்தது, தங்குவது நீர்கொழும்பில். நடு நாள் முழுவதையும் கண்டிக்கு ஒதுக்கியிருக்கிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகன், அம்மா. அம்மாவுக்கு 66 வயது, இடது முட்டி தேய்ந்துவிட்டது. படி என்றால் கைப்பிடியைத் தேடுவார். சமதரையில் மட்டும் எங்கள் தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார்.

வேன் டிரைவர் நேற்று ஒரு பட்டியல் அனுப்பினார். காலை ஐந்து மணிக்குப் புறப்பாடு. பின்னவலை யானைகள், மசாலாத் தோட்டம், ரத்தினக்கல் காட்சியகம், தேயிலைத் தொழிற்சாலை, பேராதனைப் பூங்கா, மலைமேல் வெள்ளைப் புத்தர், ஏரி, கண்டி நடனம், தலதா மாளிகை. கடைசியில் "நேரம் இருந்தால் நுவரெலியா" என்று ஒரு வரி. எண்ணினால் பத்து இடம், அன்று இரவே நீர்கொழும்புக்குத் திரும்பவும் வேண்டும்.

மகனுக்கு யானை வேண்டும். மனைவிக்குப் பூங்கா. அம்மாவுக்குப் புத்தரின் பல் இருக்கிற கோயில், அதுதான் தலதா மாளிகை. எனக்கு என்று தனியாக ஒன்றும் இல்லை, வேனுக்குள் சண்டை வராமல் இருந்தால் போதும். போய் வந்தவர்கள் எதை வெட்டலாம் என்று சொல்லுங்கள்.

விளக்குத்தூண்

எதையும் வெட்ட வேண்டாம். நாங்கள் போன வருடம் அதே வழியில் பதினொன்று முடித்தோம், காலை நாலரைக்கு எழுந்து. காசு கொடுத்துப் போகிறோம், பார்க்காமல் வந்தால் ஊரில் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? நுவரெலியா மட்டும் முடியவில்லை. கண்டியிலிருந்து மேலே ஏறவே இரண்டரை மணி நேரம் என்றார்கள். மற்றபடி எல்லாம் படத்தில் இருக்கிறது. எந்தப் படம் எந்த இடம் என்பதில்தான் வீட்டில் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை.

பட்டறை

தம்பி, நான் தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் நகைப்பட்டறை வைத்திருக்கிறேன். வெளிநாடு என்று வாழ்நாளில் போனது ஒரே தடவை, அதுவும் கண்டிக்கு. 2023 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. உங்களுக்கு வந்த பட்டியலைப் போலவே எங்களுக்கும் ஒன்று வந்தது. அதை வேதவாக்காக நம்பி நான், மனைவி, மகள், மாமியார் நான்கு பேரும் இருட்டோடு வேனில் ஏறினோம்.

முதலில் பின்னவலை. தாயை இழந்த குட்டிகளை வைத்து 1975இல் தொடங்கிய இடம் அது. பத்து மணிக்கு யானைகளை மகா ஓயாவில் குளிக்க ஓட்டிக்கொண்டு போகிறார்கள். ஆற்றுக்கு இறங்கும் சந்தின் இரண்டு பக்கமும் கடைகள். ஒருவர் குரல் கொடுத்ததும் கடைக்காரர்கள் தொங்கவிட்ட பைகளையும் சட்டைகளையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். கூட்டம் கூட்டமாக யானைகள் சுவரை உரசினாற்போல் நடந்து போயின. கோயிலில் ஒற்றை யானையைப் பார்த்தே பழகிய என் மகள் மூச்சு விடவில்லை. உங்கள் மகனுக்காக இதை வெட்டாதீர்கள்.

நாள் வீணானது அதற்குப் பிறகுதான். மசாலாத் தோட்டத்தில் மதுரைக்காரனுக்கு மிளகுக் கொடியையும் ஏலச் செடியையும் காட்டினார்கள். போடிநாயக்கனூர் நமக்கு எவ்வளவு தூரம்? பிறகு முடி வளரும் எண்ணெய் என்று ஒரு குப்பியைத் திறந்து என் வழுக்கையில் தடவினார்கள். வழுக்கை அப்படியே இருக்கிறது.

அடுத்தது ரத்தினக்கல். ஒன்றரை மணி நேரம். இரத்தினபுரிப் பக்கம் குழிக்குள் இறங்கி மண்ணை எடுத்துக் கூடையில் அரிக்கிற படம் ஒன்று போட்டார்கள், அது நன்றாகவே இருந்தது. படம் முடிந்ததும் ஒரு நீலக்கல் மோதிரம் என் மனைவியின் விரலில் ஏறிவிட்டது. நான் சட்டைப் பையிலிருந்து பட்டறைக் கண்ணாடியை எடுத்து, கல்லை விட்டுவிட்டு அதைப் பிடித்திருக்கும் கால்களைப் பார்த்தேன். நான்கில் ஒன்று கல்லைத் தொடவே இல்லை. "இதைச் செய்தவருக்கு அன்று வீட்டில் ஏதோ அவசரம்" என்றேன். வருவதாகச் சொன்ன தேநீர் அதற்குப் பிறகு வரவில்லை.

பேராதனைக்குப் போய்ச் சேர்ந்தபோது டிக்கெட் கொடுப்பதை நிறுத்தப் போகிற நேரம். 147 ஏக்கர் பூங்கா, மூன்று பக்கமும் மகாவலி ஆறு வளைத்துக்கொண்டு ஓடுகிறது. எங்களுக்குக் கிடைத்தது இருபத்தைந்து நிமிடம். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவரும் அவர் மனைவியும் 1901இல் நட்ட நாகலிங்க மரம் அங்கே நிற்கிறது. அதை ஓடிக்கொண்டே பார்த்தோம். உங்கள் வீட்டு அம்மணி கேட்டது இந்தப் பூங்காவைத்தானே? கல்லுக்குக் கொடுக்கிற நேரத்தை இதற்குக் கொடுங்கள்.

கண்டி ஊருக்குள் நுழைந்தபோது மணி ஐந்தே கால். தலதா மாளிகையில் மாலைப் பூசை ஆறரைக்கு. நாடகமே இங்கேதான் தொடங்கியது. வேனை விட்டு இறங்கிப் பத்தடி வைத்ததும் மாமியார் "இனி ஓர் அடி வைக்க மாட்டேன்" என்று சொல்லி, மாளிகைக்கு எதிரே ஒரு சின்னக் கோயில் வளாகத்துக்குள் போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் பட்டியலில் அந்தக் கோயிலின் பெயர் இல்லை. கைக்குழந்தையோடு பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள், ஆளுக்கொரு பழத்தட்டு. தட்டு விற்ற அம்மாளிடம் எந்தச் சாமி என்று கையாலேயே கேட்டேன்.

"பத்தினி தெய்யோ."

தெய்யோ என்றால் தெய்வம் என்று ஊகித்துக்கொண்டேன். எந்தப் பத்தினி என்று விளங்கியபோது, அக்டோபர் குளிரில் எனக்கு வேர்த்தது. கண்ணகி, தம்பி. நம் ஊரை எரித்தவள். பழங்காநத்தத்தில் கோவலன் பொட்டல் என்று ஓர் இடம் இருக்கிறதே, அதைத் தாண்டித்தான் நான் தினமும் பட்டறைக்கு வருகிறேன். அவனை வெட்டிய இடம் அதுதான் என்று எங்கள் அப்பா காட்டியிருக்கிறார். வெட்டச் சொன்னது அரசன். வெட்ட வைத்தது யார் என்று உங்களுக்குத் தெரியும். என் தொழில்காரன்.

தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பவன் என்று எங்களைப் பற்றி ஒரு பழமொழி உண்டு, அதைச் சிரித்துவிட்டுப் போகலாம். இதைச் சிரிக்க முடியாது. சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் உரைபெறு கட்டுரை என்று ஒரு சின்னப் பகுதி வருகிறது. மதுரை எரிந்த பிறகு பாண்டிய நாட்டில் மழை இல்லை, வெப்பு நோயும் அம்மையும் பரவின. கொற்கையில் இருந்த வெற்றிவேல் செழியன் அவளைச் சாந்தப்படுத்த ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான் என்று அதில் இருக்கிறது. ஒருவன் செய்ததற்கு ஆயிரம் பேர்! சின்ன வயதில் அப்பா இதைச் சொன்ன அன்று இரவு நான் அவர் பக்கத்தில்தான் படுத்தேன். அதே பகுதியில் சில வரி தள்ளி, இலங்கைக் கயவாகு மன்னன் அவளுக்குக் கோயில் எடுத்து ஆடி மாதத்தில் விழா நடத்தினான் என்றும் வருகிறது. கண்டிப் பெரஹரா என்கிற ஊர்வலத் திருவிழா இன்றும் ஆடியை ஒட்டித்தான் நடக்கிறது. அதில் வருகிற நான்கு தெய்வக் கோயில்களின் ஊர்வலங்களில் ஒன்று இந்தப் பத்தினியுடையது.

நானும் ஒரு பழத்தட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். புதனும் சனியும் அங்கே விசேஷ நாள் என்று பிறகு தெரிந்தது. பூசாரியைக் கப்புராளை என்கிறார்கள். தட்டை வாங்கி, திரைக்கு முன்னால் நின்று, நமக்காக நீளமாக வேண்டிக்கொள்கிறார். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வந்தது. எந்த ஊர் என்று கேட்டார், மதுரை என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "மதுராபுர!" என்று சொல்லி அவர்கள் கதையைச் சொன்னார். பாண்டிய அரசனுக்கு அதில் மூன்று கண். அவன் தோட்டத்து மாங்கனியிலிருந்து பிறந்தவள் பத்தினி. சிலம்புக்கு அவர்கள் சொல் ஹலம்ப. ஊர் எரிகிற இடம் வந்ததும் இரண்டு கையையும் விரித்தார். கண் கூடினாலும் கனி வந்தாலும், அந்தக் கதையிலும் பொற்கொல்லன் இருக்கிறான்.

பிறகு கேட்டார்: "உங்கள் தொழில்?"

"வியாபாரம்" என்றேன்.

முப்பத்தைந்து வருடம் குமுட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு நாளும் தொழிலை மறைத்ததில்லை. அவளுக்கு முன்னால் நின்று மறைத்தேன். மகள் பக்கத்தில்தான் நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை.

ஆறரைக்குத் தலதா மாளிகை. மேளம் நெஞ்சுக்குள் அடித்தது. மாடியில் கதவு திறந்ததும் வரிசை நகரும், உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடி. பல்லைப் பார்க்க முடியாது என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அங்கே போய் ஏமாற வேண்டாம். அது தூபி வடிவப் பேழைக்குள் இருக்கிறது, ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு பேழை. வெளிப் பேழை முழுவதும் பொன்வேலையும் கல்லும். அந்த இரண்டு விநாடியில் என் கண் போனது வேலைப்பாட்டுக்குத்தான். ஒரு குறை சொல்ல முடியாது.

ஆகவே என் கணக்கு இது. யானை, பூங்கா, பத்தினி, மாளிகை. ஏரியைத் தவிர மற்ற ஆறையும் அடித்துவிடுங்கள். டிரைவரிடம் புறப்படும் முன்பே, "அந்தக் கடைகளில் உங்களுக்குக் கிடைப்பதை நானே கையில் கொடுத்துவிடுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அவர் பிழைப்பும் கெட வேண்டாம். பதினொன்றுக்கு முன் பின்னவலையை விட்டால் ஒரு மணிக்குள் பேராதனை, நான்குக்குள் கண்டி. தோளும் முட்டியும் மறைய உடுத்த வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும். ஏரி தனியாக ஓர் இடம் இல்லை, மாளிகைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. ஆனால் அதைச் சுற்றலாம் என்று அம்மாவை அழைத்துப் போய்விடாதீர்கள். மூன்று கிலோமீட்டருக்கு மேல், உங்கள் தெப்பக்குளத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஒரு பெஞ்சு போதும். 1807இல் அதை வெட்டியவரும் நமக்கு வேற்று ஆள் இல்லை. கண்டி அரசர்கள் மதுரைப் பக்கத்து நாயக்கர் குடும்பங்களில் பெண் எடுத்தார்கள். 1739இல் வாரிசில்லாமல் போனபோது ராணியின் தம்பியே அரசரானார். அந்த வரிசையில் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், இயற்பெயர் கண்ணுசாமி. 1815இல் வெள்ளைக்காரன் பிடித்து வேலூருக்கு அனுப்பிவிட்டான், 1832இல் அங்கேயே இறந்தார்.

அட்டன் பேத்தி

பட்டறை அண்ணன் சொன்னதை அப்படியே கேளுங்கள். நான் சேர்ப்பது கொஞ்சம்தான். என் அம்மா அட்டனில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பப் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கியவர். இப்போது திருமங்கலம் பக்கம் இருக்கிறோம். 2018இல் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். தேயிலைத் தொழிற்சாலை வாசலில் நான் டிக்கெட் வாங்கப் போனபோது, "இலை அரைக்கிற வாசனைக்கா காசு?" என்று கேட்டு அவர் வேனை விட்டு இறங்கவே இல்லை. அதனால் அதையும் வெட்டிவிடலாம்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். இடியாப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல் எல்லாம் அம்மாவுக்கு ஒத்துப்போகும். பால் இல்லாத தேநீரைப் பிளேன்டீ என்று கேளுங்கள். கொத்து ரொட்டியை மட்டும் நம் கொத்து பரோட்டா என்று நினைத்து உட்காராதீர்கள். கல்லில் தட்டுகிற சத்தம் ஒன்றுதான், சால்னாவில் ஊறிப் பழகிய நாக்குக்கு அது வேறு பதார்த்தம். ஆட்டோவைத் திரீவீலர் என்பார்கள். ரயில் நிலையத்தில் "புகையிரத நிலையம்" என்று தமிழில் எழுதியிருப்பதைப் பார்த்து உங்கள் மகன் சிரிக்கலாம், அங்கே இருப்பவர்கள் முன்னால் சிரிக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

தேதியைப் பாருங்கள். பௌர்ணமி நாள் என்றால் அங்கே பொது விடுமுறை, போயா என்பார்கள். வெள்ளை உடுத்திய கூட்டம் மாளிகையை நிறைத்துவிடும். முட்டி வலியோடு அந்த வரிசையில் நிற்க முடியாது.

கண்ணகியைப் பற்றி ஒன்று. மட்டக்களப்புப் பக்கம் அவளைக் கண்ணகை அம்மன் என்று கும்பிடுகிறார்கள். வைகாசியில் சடங்கு நடக்கும், முடிவில் வருவதற்குக் குளிர்த்தி என்று பெயர். எரித்துவிட்டு வந்தவளின் சூட்டைத் தணிப்பது. அண்ணனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கட்டும்.

தெப்பக்குளத்துக்காரன்

பட்டறை அண்ணா, பதிலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆயிரம் பேர் என்ற இடத்தில் "பாவம்டா" என்றார். போயா 25ஆம் தேதி, நாங்கள் கண்டிக்குப் போவது 27, சனிக்கிழமை. டிரைவரிடம் கடைகள் வேண்டாம் என்று பேசிவிட்டேன். கொஞ்சம் முறுக்கிக்கொண்டு பிறகு ஒப்புக்கொண்டார். மசாலாத் தோட்டத்துக்கு மட்டும் "ஐந்து நிமிடம்" என்கிறார்.

பட்டறை

அந்த ஐந்து நிமிடத்தை நம்பாதீர்கள். சனிக்கிழமை என்றால் நல்லதாகப் போயிற்று. தம்பி, புறப்படும் முன் ஒரு நாள் பட்டறைப் பக்கம் வர முடியுமா? ஒரு சின்னப் பொருள் தருகிறேன். சட்டைப் பையில் அடங்கும். பழத்தட்டில் வைத்துக் கொடுத்தால் போதும். கேட்டால் யார் செய்தது என்று சொல்லுங்கள், தொழிலையும் சேர்த்து.

விளக்குத்தூண்

நாங்களும் அந்த மரத்தடியில்தான் நின்று படம் எடுத்திருக்கிறோம் போலிருக்கிறது. பின்னால் பழத்தட்டு தெரிகிறது. எந்தக் கோயில் என்று இன்றுதான் தெரிந்தது.

தெப்பக்குளத்துக்காரன்

வந்து சேர்ந்தோம். மகன் யானைகளை எண்ணினான். நாற்பத்தொன்று என்று அவன் கணக்கு, மனைவி கணக்கு வேறு. பேராதனையில் இரண்டரை மணி நேரம் கிடைத்தது. பழந்தின்னி வௌவால்கள் மரம் மரமாகத் தொங்கியதைத்தான் இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், பூவை மறந்துவிட்டாள். மசாலாத் தோட்டத்தின் ஐந்து நிமிடம் நாற்பது நிமிடமானது. நீங்கள் சொன்னது சரி.

நாலரைக்குப் பத்தினி கோயில். அம்மா தட்டைத் தானே பிடித்துக்கொண்டார், நடுவில் உங்கள் பொருள். கப்புராளையிடம் விஷயத்தைச் சொன்னேன்: மதுரையில் பொன் வேலை செய்பவர் ஒருவர், சென்ற முறை வந்தபோது தொழிலைச் சொல்லவில்லை, இப்போது இதை அனுப்பியிருக்கிறார். அவருக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியவில்லை. கட்டைவிரல் அளவு வெள்ளிச் சிலம்பைத் தட்டிலிருந்து எடுத்தார். மேலும் கீழும் பார்த்தார். பிறகு காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே பரல் சத்தம் எங்களுக்கும் கேட்டது. என் மகன் முந்திக்கொண்டு, "உள்ளே முத்தா, மாணிக்கமா?" என்று என்னைக் கேட்டான். எனக்கே தெரியாது என்றேன். அதைத் திரைக்கு உள்ளே கொண்டுபோனவர் திரும்பி வர நேரமானது, வந்தபோது அம்மாவின் நெற்றியில் மட்டும் சந்தனம் வைத்தார்.

மகன் இன்னும் விடவில்லை. என்ன போட்டிருந்தீர்கள் அண்ணா?

பட்டறை

மூன்று சிவப்பு. பொடிக் கல்தான், ஆனால் நல்ல மாணிக்கம். முத்துப் போட எனக்குக் கை வருமா தம்பி? அம்மாவுக்கு முட்டி எப்படி இருக்கிறது?